இரண்டு பருந்து குறைவு

“பூனைப்பருந்துகள் அடையும் நிலத்தில் கணக்கெடுப்பு இருவரால், இரு இடங்களிலிருந்து, தனித்தனித் தாள்களில் செய்யப்பட வேண்டும். தாளில் கையெழுத்திடும் வரை இருவரும் எண்ணைப் பற்றிப் பேசலாகாது. இரு எண்களும் பத்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் மறுநாள் மாலை மீண்டும் எண்ண வேண்டும். அது முடியும் வரை நிலத்தில் எந்த மாற்றமும் கூடாது. இரண்டில் குறைவான எண்ணே கணக்கில் கொள்ளப்படும். அது ஐம்பதோ அதற்கு மேலோ எனில், பறவைகள் வெளியேறும் வரை அந்நிலத்தில் வாகனம் நுழையலாகாது.”

நம் கணக்கெடுப்புக் கையேட்டின் பதினான்காம் பத்தி இது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன். என் பணிக்காலம் முழுவதும் பிறருக்கு ஒப்பித்தும் காட்டினேன். குற்றம் சொல்ல முடியாத பத்தி. ஒரே ஒரு குறை. இதை எழுதியவர் கார்த்திகை தீபத்துக்கு ஆறு நாள் முன்னால் திருவண்ணாமலையில் நின்றுகொண்டு எழுதவில்லை.

கீழ்பென்னாத்தூர் சாலையில் ஊரைத் தாண்டியதும் ஒரு மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. சாலையை ஒட்டிய பாதியில் ஆடு மாடு மேய்ந்து புல் கட்டையாகிவிட்டது. ஏரிக்கரையை ஒட்டிய பாதியில் மட்டும் இடுப்பளவு நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்து ஐப்பசியில் வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் கடலைக் கொல்லைகளில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது அந்தப் புல்லுக்குள் வந்து அடையும். மரத்தில் அல்ல, தரையில். ஆளுக்கொரு குழி மாதிரி புல்லை அமுக்கிக்கொண்டு படுத்துவிடும். அந்தி நேரத்தின் முக்கால் மணி நேரம்தான் அவற்றை எண்ண முடியும். அதற்கு முன்னால் எண்ண ஒன்றும் இருக்காது. அதற்குப் பின்னால் எண்ணக் கண் இருக்காது.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பர்வீன் என்ற வனக்காப்பாளர். அப்போது பணியில் அவளுக்கு மூன்றாம் ஆண்டு. அப்பா கடைத்தெருவில் பூட்டு, சாவி பழுது பார்ப்பவர். பிறந்தது முதல் இந்த ஊர். அக்டோபரில் ஒருநாள் வண்டி பஞ்சராகி அந்தச் சாலையில் நின்றபோது, தலைக்கு மேல் தாழப் பறந்து போன மூன்று பருந்துகளை மற்றவர்கள் மாதிரி பார்த்துவிட்டு விடாமல், எங்கே போகின்றன என்று பின்னாலேயே நடந்திருக்கிறாள். நான் சரக அலுவலர். தீபம் நெருங்கியபோது ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

அந்த நிலம் தீபத்துக்குத் தற்காலிக வாகன நிறுத்தம் என்று முடிவாகியிருந்தது. தீபத்துக்கு வரும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நிறுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. புல்லைச் சுரண்டிச் சமன்படுத்த வந்த பொக்லைன் இயந்திரத்தைச் சாலையோரம் நிற்க வைத்துவிட்டு, “இன்று மாலை எண்ணுகிறோம், எண்ணிவிட்டுச் சொல்கிறேன்” என்றேன். ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி தணிகாசலம் அதற்கு ஒத்துக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். எதற்கும் பதறாத ஆள் போலத் தெரிந்தார். அது தவறான எண்ணம் என்று பிறகு தெரிந்தது.

“எனக்குப் பருந்தும் ஒண்ணுதான், பஸ்ஸும் ஒண்ணுதான் சார். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டிய உள்ள வுடறதா வேணாமா, அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. வாயால சொல்லாதீங்க.”

நான் ஏரிக்கரையின் மேல் உட்கார்ந்தேன். உயரமான இடம், சுத்தமான இடம், சரக அலுவலருக்குப் பொருத்தமான இடம். உயரத்தில் உட்கார்ந்தால் அதிகம் தெரியும் என்பது பதவியில் இருப்பவர்களின் பொதுவான நம்பிக்கை. பர்வீன் எதிர்க்கோடியில், பாலம் கட்ட இறக்கிப் போட்டிருந்த சிமெண்ட் குழாய் ஒன்றின் மேல் குந்திக்கொண்டாள். புல்லின் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது அவள் கண்.

ஐந்தரைக்கு முதல் பருந்து வந்தது. ஆறேகாலுக்கு எல்லாம் முடிந்தது. இறங்கி வந்து ஜீப்பருகே இருவரும் அவரவர் தாளில் கையெழுத்திட்டோம். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டோம்.

என் தாளில் அறுபத்து மூன்று. அவள் தாளில் நாற்பத்தொன்று.

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், ஒரே கொல்லையத்தானே ரெண்டு பேரும் பாத்தீங்க?”

அந்த நேரத்தில் மேலதிகாரியின் தொலைபேசி வந்தது. நல்ல மனிதர். அன்று ஒரே நாளில் நாற்பது பேர் அவரிடம் நாற்பது பதில் கேட்டிருப்பார்கள். நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எண் எதுவா வேணா இருக்கட்டும். ரெண்டு தாள்லயும் ஒண்ணா இருக்கட்டும். அரை மணி நேரத்துல எனக்கு வேணும்.”

இங்கே ஒரு நிமிடம் நின்று என் நிலையை எண்ணிப் பாருங்கள். என் எண் அறுபத்து மூன்று. அதுதான் சரி என்று நான் மனதார நம்பினேன். அது ஐம்பதுக்கு மேல். பர்வீன் தன் தாளைத் திருத்தினால் நிலம் தப்பித்தது, பருந்து தப்பித்தது, மேலதிகாரிக்கு எண் கிடைத்தது, தணிகாசலத்துக்குப் பேப்பர் கிடைத்தது. கெட்டுப்போகிறவர் என்று ஒருவர்கூட இல்லை. அவள் சின்னவள், நான் பெரியவன். அவள் கண்டுபிடித்த இடம், அவளுக்குத்தான் ஆசை அதிகம். இவ்வளவு வசதியாக ஒரு தவறு என் பணிக்காலத்தில் வேறெப்போதும் என் முன்னால் வந்து நின்றதில்லை.

“பர்வீன், குழாய் மேல இருந்து உனக்குப் பாதி தெரிஞ்சிருக்காதும்மா. என்னதைப் பாத்து எழுதிக்கோ” என்றேன்.

 என் தாளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் என் நேரக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சார், அஞ்சு ஐம்பத்திரண்டுக்கு ஒரு ஆண் எழுதி இருக்கீங்க. வலது இறக்கைல ஒரு இறகு இல்லன்னு.”

“ஆமா. நல்லாத் தெரிஞ்சது.”

“அஞ்சு ஐம்பத்தெட்டுக்கு ஒரு ஆண். வலது இறக்கைல ஒரு இறகு இல்ல.”

நான் தாளின் பக்கம் குனிந்தேன்.

“ஆறு நாலுக்கு ஒண்ணு சார். அதுக்கும் வலது இறக்கைலதான் ஒரு இறகு இல்ல.” தாளை என்னிடம் நீட்டினாள். “மூணுக்கும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே எடத்துல விழுந்துருக்குது.”

தணிகாசலம் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பூனைப்பருந்து ஒருமுறை இறங்கியதும் தூங்கிவிடாது. பக்கத்தில் இருப்பது துரத்தும், அல்லது இடம் பிடிக்காது. மறுபடி எழுந்து ஒரு வட்டம் போட்டு வேறிடத்தில் இறங்கும். நான் உட்கார்ந்த உயரத்திலிருந்து, பின்னால் இருட்டான புல் இருந்ததால், எழுவது தெரியவில்லை. வானத்தின் விளிம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் எழுந்தவற்றையெல்லாம் புதிதாக வந்தவையாக எண்ணிவிட்டேன். அவள் புல்லோடு புல்லாக உட்கார்ந்திருந்ததால் இறங்குவதும் எழுவதும் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை தாள்களில் எத்தனை பருந்துகளை நான் பெற்றுப் போட்டிருக்கிறேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அதை யோசிக்க அப்போது நேரமும் இல்லை.

“உன்னது சரின்னா நாற்பத்தொண்ணு. புல்லு போச்சு. தெரியுதில்ல?” என்றேன்.

“தெரியுது சார். நானே கண்டுபிடிச்ச எடம் சார். ஐம்பதாகாதான்னு ஒவ்வொண்ணுக்கும் மனசு அடிச்சிக்கினுதான் எண்ணுனேன். ஆவல. இன்னா பண்றது?”

அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் போயிருந்தது. அப்போதுதான் பதினான்காம் பத்தியை முதல்முறையாகப் படிப்பது போலப் படித்தேன். இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டால் கணக்கெடுப்பு முடிந்தது. ஒன்றாகாவிட்டால் முடியவில்லை. முடியாதவரை நிலத்தில் மாற்றம் கூடாது. நாங்கள் பொய்யாக ஒத்துப்போனால்தான் காப்பாற்ற முடியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையாக வேறுபட்டு நின்றாலே ஒரு நாள் கிடைக்கும் என்று பத்தியில் எழுதியிருந்தது. மேலதிகாரியை அழைத்து இரண்டு எண்களையும் சொன்னேன். என் எண் தவறு என்பதையும் ஏன் தவறு என்பதையும் சொன்னேன். 

“ரிட்டையர் ஆகற நேரத்துல உங்களுக்கு இது தேவையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

தணிகாசலத்துக்குப் பேப்பர் எழுதிக் கொடுத்தேன். நாளை மாலை வரை உள்ளே விட வேண்டாம். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஒரு நாள் சார். ரெண்டாவது நாள்னா என் பொழப்புப் பூடும்” என்றார். அவர் குரலில் அப்போதுதான் முதல்முறையாகப் பதற்றம் கேட்டேன்.

மறுநாள் நான் கரைக்குப் போகவில்லை. பர்வீனுக்கு நேரெதிரே, புல் மட்டத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. மேகமூட்டமாக இருந்தது. மழை வந்தால் கணக்கெடுப்பு செல்லாது. அப்படி வந்தாலும் இன்னொரு நாள் கிடைக்குமே என்று ஒரு நினைப்பு ஓடியது. மழை வரவில்லை. முந்தைய நாளைவிடப் பருந்துகள் அதிகம் வருவது போலிருந்தது. நாற்பதைத் தாண்டியதும் ஐம்பதாகாதா என்று நானும் வேண்டத் தொடங்கியதைச் சொல்ல வெட்கமில்லை. நாற்பத்தைந்து. நாற்பத்தேழு. ஒன்று எழுந்தது, அதுவே இறங்கியது, அதை எண்ணக் கூடாது. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. பிறகு வெறும் வானம். இருட்டி எழுத்து தெரியாமல் போகும்வரை வெறும் வானம்.

கையெழுத்திட்டு மாற்றிக்கொண்டோம். என்னுடையது நாற்பத்தொன்பது. அவளுடையது நாற்பத்தெட்டு. குறைவானதே கணக்கு. நாற்பத்தெட்டு.

“ரெண்டுதான் கம்மி” என்றாள் பர்வீன். 

தணிகாசலம் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். “ரெண்டுதானே சார்? எங்கனா வழில நின்னுனு இருக்கும். எழுதிக்கோங்க. நான் பாக்கல. எனக்கும் இந்த ரெண்டு நாளா பாத்துப் பாத்து அதுங்க மேல ஒரு இது வந்துடுச்சி.”

“எழுதலாம். நாளைக்கு வேற யாராவது வந்து எண்ணுனா?”

“யார் சார் வரப் போறாங்க இந்தப் பருந்த எண்ண?”

அவர் சொன்னது உண்மை. யாரும் வரப்போவதில்லை. நம் தொழிலில் பெரிய ஆபத்து அதுதான். நாம் எழுதும் எண்ணைச் சரிபார்க்க வேறு யாரும் அந்த நேரத்தில் அந்தப் புல்லருகே இருப்பதில்லை. இருந்த ஒரே ஆள் பர்வீன். முந்தைய நாள் என் தாளைத் திருத்தியவள் இன்று நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்தெட்டு என்று எழுதினேன். பிறகு ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து மேல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் நான் வெட்கப்படாத சிலவற்றில் அது ஒன்று. அதில் ஒரு கேள்வி: பத்தியில் ‘நிலம்’ என்பது சர்வே எண் முழுவதுமா, பறவைகள் படுக்கும் பகுதி மட்டுமா? இன்னொரு கேள்வி: வலசை இன்னும் முடியாமல் பறவைகள் வந்துகொண்டிருக்கும்போது ஒரு மாலையின் எண்ணை இறுதியாகக் கொள்ளலாமா? இவற்றுக்கு விளக்கம் வரும்வரை சாலையோரப் பாதியை நிறுத்தத்துக்குப் பயன்படுத்தலாம், ஏரிக்கரைப் பாதியைத் தொடக்கூடாது, இதற்கான பொறுப்பு முழுவதும் என்னுடையது. கீழே கையெழுத்து. எண்ணை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன், நாற்பத்தெட்டு என்று, எழுத்தாலும் இலக்கத்தாலும்.

இதைத் தந்திரம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். அந்தக் கேள்விகள் மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் எவ்வளவு காலம் படுக்கும் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கை முழுவதும் நான் திட்டிய தாமதம் அது. ஆனால் கேள்விகள் இரண்டும் உண்மையான கேள்விகள். இன்றுவரை கையேட்டில் அவற்றுக்குப் பதில் இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

தணிகாசலம் நகலை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். “பாதிதானா? இவ்ளோ வண்டிக்கும்?” என்றார். பிறகு இயந்திரத்தைச் சாலையோரப் பாதிக்குள் திருப்பச் சொன்னார். நடுவில் கயிறு கட்டினோம்.

தீபத்தன்று மூன்று மணிக்கே சாலையோரப் பாதி நிரம்பிவிட்டது. நாலரைக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வந்த வேன்கள் சாலையிலேயே நிற்க ஆரம்பித்தன. ஐந்துக்கு வரிசை வளைவைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தைகளோடு பெண்கள் இறங்கி நடந்தார்கள். நான் கயிற்றருகே நின்றேன். ஒரு வேன் ஓட்டுநர் தலையை நீட்டி, “யோவ், அவ்ளோ எடம் சும்மாக் கெடக்குது, யாருக்குய்யா வெச்சினு இருக்க?” என்று கத்தினார். அவருக்கு நான் என்ன சொல்ல? தூங்க வருகிறவர்களுக்கு என்றா?

போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் ஓடி வந்தார். “சார், கயித்த அவுருங்க. ஆறு மணிக்குள்ள இந்த ஜனங்க ரோட்ட வுட்டு எறங்கணும். எதுனா ஆச்சுன்னா உங்க பருந்தா வந்து பதில் சொல்லும்?”

அவர் சொன்னதில் தவறே இல்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள்: இந்தத் தொழிலில் உங்கள் எதிரே நிற்பவர் பெரும்பாலும் அயோக்கியராக இருக்கமாட்டார். அவரிடமும் ஒரு நியாயம் இருக்கும், அதற்கும் நேரமாகிக்கொண்டிருக்கும். என் கை கயிற்று முடிச்சில் இருந்தது. பத்து நிமிடம் தருகிறேன், அதற்குள் வழி தெரியாவிட்டால் நானே அவிழ்க்கிறேன் என்று சொன்னேன். வழி எதுவும் என்னிடம் இல்லை. பத்து நிமிடம் என்று சொன்னது வெறும் வாய் வார்த்தை.

வழி தணிகாசலத்திடம் இருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் அவருடைய ஒப்பந்தக்காரரின் சொந்தத் தளவாடத் திடல். ஜல்லிக் குவியலும் கம்பியும் அடைத்துக் கிடந்தது. முதலாளியைக் கேட்காமல் அதன் வேலியைப் பிரித்தார். இயந்திரத்தில் அவரே ஏறி ஜல்லியை ஒரு மூலைக்குத் தள்ளினார். வேன்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. காவலர் என்னைப் பார்க்காமல் விசிலை ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். நான் கயிற்றிலிருந்து கையை எடுத்தேன்.

ஐந்து நாற்பது. நானும் பர்வீனும் எங்கள் இடங்களுக்குப் போனோம். அன்று விதிப்படி எண்ணவேண்டிய கட்டாயம் இல்லை. எண்ணாமல் இருக்க முடியவில்லை. பருந்துகள் வந்தன. ஆனால் இறங்கவில்லை. வண்டிகளின் விளக்கும் ஹாரனும் பார்த்துவிட்டு உயரத்திலேயே சுற்றின. ஒன்று தாழ வந்து, மறுபடி ஏறிப் போய்விட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன், ஏதோ என் மூச்சுதான் அதைத் தடுக்கிறது போல.

ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏற்றினார்கள். வண்டிகளின் மேல் ஏறி நின்ற கூட்டம் முழுக்க மலையைப் பார்த்துக் கை தூக்கி அரோகரா என்றது. வெடிச் சத்தம் கேட்டது. ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் அடங்கிய பிறகு, கிட்டத்தட்ட இருட்டில், இறகு ஒன்று இல்லாத அந்த ஆண் முதலில் இறங்கியது. அதன் பின்னால் மற்றவை, இரண்டும் மூன்றுமாக.

முப்பத்து மூன்று. மீதி எங்கே போயின என்று தெரியாது.

“பொறந்ததுல இருந்து ஒரு வருஷம் தீபத்த வுட்டதில்ல சார்” என்றாள் பர்வீன், தாளை மடித்துக்கொண்டே. “எங்க அப்பா மாடில ஏத்தி வெச்சிக் காட்டுவாரு. இன்னைக்குத்தான் முதுகக் காட்டினு உக்காந்துனு இருக்கேன்.” பிறகு திரும்பி உச்சியில் எரிந்த நெருப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

தீபம் முடிந்து ஐந்தாம் நாள் எண்ணியபோது நாற்பத்தாறு. திரும்பிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மட்டும் வரவில்லை.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் விளக்கம் கேட்டு மெமோ மூன்றே நாளில் வந்தது. நிர்ணயித்த எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தும் நிலத்தின் பாதியைத் தடுத்தது ஏன்? விளக்கம் கொடுத்தேன். அதற்கு வந்த குறிப்பு ஒரே வரி: தங்கள் கடிதத்திலுள்ள கேள்விகளுக்கு முடிவு தெரியும்வரை தங்கள் விளக்கமும் நிலுவையில் வைக்கப்படுகிறது. விளக்கம் நிலுவையில் இருந்தால் ஓய்வு ஆணை வராது. சனவரி கடைசி நாளில் எனக்கு மாலை போட்டார்கள், போண்டா கொடுத்தார்கள், பேசினார்கள். ஆணை மட்டும் இல்லை. மாலையோடு வேங்கிக்காலிலுள்ள என் வீட்டுக்கு வந்தேன். குற்றச்சாட்டு உள்ளவனா இல்லாதவனா என்று தெரியாமல் ஓய்வு பெறுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளக்கப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

பிப்ரவரியில் மேல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “என்ன சார் நீங்க? முப்பது நாளுக்கு ஒரு நினைவூட்டல்னு எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தவரு. ஒண்ணுகூடப் போடலையே? ஒரு ரிமைண்டர் குடுங்க, நான் கையோட வாங்கினு போயி ஒரு வாரத்துல முடிச்சித் தர்றேன். உங்க ஆர்டரும் வந்துடும்.”

அவர் முடித்துத் தருவார். அது எனக்குத் தெரியும். பதில் என்னவாக இருக்கும் என்பதும் தெரியும். நாற்பத்தெட்டு ஐம்பதைவிடக் குறைவு. அது வந்த மறுநாள் அந்தப் புல்லில் எதையும் செய்யலாம். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டம், அதற்கும் நிறுத்தம் வேண்டியிருந்தது.

“காபி சாப்பிடுங்க” என்றேன்.

“லெட்டர்?”

“எழுதணும். கொஞ்ச நாள் ஆகட்டும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வயதாகிவிட்டது என்ற முடிவு இருந்தது. என் மனைவியும் அதே முடிவுக்கு வந்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நினைவூட்டலுக்கே நினைவூட்டல் அனுப்பியவன் நான். தினமும் காலையில் மேசையில் உட்கார்ந்து, பொருள், பார்வை என்று இரண்டு வரி எழுதுவேன். பிறகு பர்வீனுக்குப் போன் செய்வேன். “இருக்குதா?” என்பேன். “இருக்குது சார், முப்பத்தஞ்சு” என்பாள். தாளை உள்ளே வைத்துவிடுவேன். மார்ச் நடுவில் இருபது ஆனது. பிறகு ஒன்பது. பிறகு நான்கு.

மார்ச் கடைசியில் ஒருநாள் அவளே அழைத்தாள். “சார், மூணு நாளா ஒண்ணுகூட வரல. சாயங்காலம் முழுக்க உக்காந்து பாத்துட்டேன். போய்ட்டாங்க.”

“மூணு நாளும் தாள் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் சார். சைபர், சைபர், சைபர்.”

அன்றே நினைவூட்டலை எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதிலைப் படித்துக் காட்டியதும் பர்வீன்தான். சரக அலுவலகத்துக்கு வந்ததைத் தொலைபேசியில் வாசித்தாள்: கணக்கிடப்பட்ட எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவாக இருப்பதால், மேற்படி நிலம் முழுவதிலும் கார்த்திகை தீபத்தை முன்னிட்டு வாகனங்கள் நிறுத்துவதில் ஆட்சேபணை இல்லை; அலுவலரின் விளக்கம் ஏற்கப்பட்டு நடவடிக்கை கைவிடப்படுகிறது. கடைசி வரியை அவசரமாக முடித்தாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று நினைத்தேன்.

“இப்ப இன்னா சார் பண்றது?”

“தேதி முத்திரை போட்டு ஃபைல்ல வை. என்ன தேதி?”

“ஏப்ரல் ஒம்பது சார்.”